ஆமென் சொல்வதற்குள் ஒரு ஸ்பூன்

சிரிக்கிறவங்க யாரும் கையைப் பார்க்க மாட்டாங்க என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் ஜெமிமாதான். போன மே மாதம். லீவு விட்டதும் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ்., அதுதான் விடுமுறை வேதப்பள்ளி, நடக்கும். பாட்டு, கதை, கைவேலை எல்லாம் உண்டு. அதில் மேஜிக் செய்து காட்ட வந்தவள் அந்தப் பிள்ளை, பி.எட். படிக்கிறாள். நான் வருஷா வருஷம் அங்கே சர்பத் கலக்குகிற ஆள். டம்ளர் வாங்க வந்தவள், "முதல்ல சிரிக்க வச்சிரணும் அத்தை. சிரிச்சிட்டா கண்ணு திறந்துதான் இருக்கும், ஆனா ஒண்ணையும் பார்க்காது" என்றாள். என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீங்க கேட்டது அது இல்லை, தெரியும் தங்கச்சி. பஸ்ஸில் முன் சீட்டில் அழுத குழந்தைக்கு மிட்டாயை மறைத்துக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, என் மகன் பர்த்டேக்குச் செய்கிற மாதிரி சுலபமா, சிரிப்பா ரெண்டு வித்தை சொல்லித் தாங்களேன் என்று கேட்டீங்க. தருகிறேன். ஊர் வர நேரம் கிடக்கிறது. ஆனால் வித்தையை மட்டும் தனியாகப் பிய்த்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. அதோடு ஒட்டிக்கொண்டு என் மகள் வருவாள், அவள் மாமியார் வருவாள், லெமுவேல் அண்ணாச்சி வருவார்.

போன் அடிக்கிறதா? என் பையில்தான். அடிக்கட்டும், விடுங்க.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சேகரத்தில், சுத்துப்பட்டு சபைகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வீட்டில் நோவு என்றாலும், புதுவீடு என்றாலும், "சுகிர்தம் அம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க ஜெபம் பண்ணினா மனசு ஆறும்" என்பார்கள். எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் ஜெபிக்க நின்றால் வார்த்தை தானாக வரும். பழி வாங்குவதெல்லாம் ஆண்டவர் வேலை. நாம் ஞாபகப்படுத்தலாம், அவ்வளவுதான்.

என் மகள் எப்சிபாவைச் சாயர்புரம் பக்கத்தில் கொடுத்திருக்கிறது. நல்ல குடும்பம். மாப்பிள்ளை தங்கமான பையன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் மட்டும் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. மாமியார் ரூபி. அந்த வீட்டுக்குப் பெரிய தலை மாமியார் இல்லை, மாமனாரும் இல்லை. மாமனாருக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் லெமுவேல் அண்ணாச்சி. பேங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு மேஜிக் தெரியும். தெரியும் என்றால், பேங்கில் இருந்தபோது ஆபீஸ் பார்ட்டியில் செய்து பழகினது. அதை விட்டுவிட மாட்டார். அந்தக் குடும்பத்தில் காதுகுத்து, கல்யாணம், வீட்டுப் பிரதிஷ்டை எது நடந்தாலும், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். கோட்டுக்குள்ளே துணி வைத்துத் தைத்த பை ஏழெட்டு இருக்கும் போல. முட்டை வரும், பூ வரும், கைக்குட்டை வரும். பிள்ளைகள் குதிக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு என்ன தெரியுமா? அவருக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும், கிண்டல் பண்ண. ஆள் இல்லாமல் அவருக்கு வித்தை வராது. தலை வழுக்கையாய் ஒருத்தர், தடியாய் ஒருத்தி, புதிதாய் வந்தவர்கள், இப்படி யாரையாவது பிடிப்பார்.

எப்சி கல்யாண ரிசப்ஷனில் என்னைப் பிடித்தார்.

அவர்கள் வீட்டில் வெள்ளி ஸ்பூன் பெட்டி ஒன்று இருக்கிறது. அவர்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கி வந்தது. பிடியில் சின்னதாக ஒரு யானை இருக்கும். நீல வெல்வெட்டில் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு பள்ளம். கல்யாணம் காட்சிக்குத்தான் வெளியே எடுப்பார்கள், பாஸ்டர் ஐயருக்கும் பெரிய ஆட்களுக்கும் அதில்தான் பாயசம். அன்றைக்கு மேடையில் அண்ணாச்சி அந்த ஸ்பூன் ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டி, கைக்குட்டையைப் போட்டு மூடி, ஊதினார். கைக்குட்டை இருக்கிறது, ஸ்பூன் இல்லை. "எங்கே போச்சு? எங்கே போச்சு?" என்று மைக்கில் கேட்டுக்கொண்டே படி இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"சம்பந்தியம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் தாங்க."

இதே பைதான். கொடுத்தேன். அவ்வளவு பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உள்ளே கையை விட்டு ஸ்பூனை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கூடவே கைக்குட்டையில் சுற்றி ரெண்டு லட்டு.

"பாருங்கய்யா, நாம அவங்க பொண்ணைக் கொண்டு போறோம்னு அவங்க நம்ம ஸ்பூனைக் கொண்டு போறாங்க! கணக்கு சரியாத்தான் இருக்கு! ஏம்மா, லட்டு வேற மிச்சமாயிரும்னு நினைச்சீங்களோ?"

மண்டபமே சிரித்தது. வீடியோக்காரன் என் மூஞ்சிக்கு நேரே லைட்டைப் பிடித்தான். எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். என் மகள் பூவும் நகையுமாக மேடையில் நின்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன் தங்கச்சி. அந்த வீடியோவில் பார்த்தால் எல்லாரையும்விட நான்தான் பெரிதாகச் சிரித்திருக்கிறேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, விளையாட்டு, அதோடு போயிற்று என்று இருந்தேன். வீடு வந்து ரெண்டு நாள் கழித்து ரூபியிடமிருந்து போன். "சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. பெட்டியில ஒரு ஸ்பூன் குறையுது. அண்ணாச்சி விளையாடினப்ப உங்க பையிலயே விழுந்து கிடக்கா, கொஞ்சம் பாருங்களேன்." பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கீர்த்தனைப் புத்தகம், குடை, மருந்துச் சீட்டு. "இல்லையே சம்பந்தியம்மா" என்றேன். "அப்படியா" என்றாள். அந்த 'அப்படியா' இன்னும் என் காதில் இருக்கிறது. "சரி, கிடைச்சா சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். கிடைச்சா என்றால் என்ன அர்த்தம்? என் வீட்டில் எப்படிக் கிடைக்கும்?

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் 'ஸ்பூன் சம்பந்தி'. முதலில் என் முதுகுக்குப் பின்னால். அப்புறம் என் முன்னாலேயே. நான் போகிற அன்றைக்கு ஷோகேஸில் சாவி தொங்காது. ரூபி சிரித்த முகமாகத்தான் காபி கொண்டு வருவாள், எவர்சில்வர் ஸ்பூனோடு. நான் கிளம்பினதும் அடுப்படியில் கலகலவென்று சத்தம் கேட்கும். கழுவுகிறார்களோ, எண்ணுகிறார்களோ.

இதெல்லாம்கூட விடுங்க. ஒரு தடவை எப்சி போனில் சொன்னாள்: "அம்மா, வரும்போது அந்தப் பெரிய பையைக் கொண்டு வராதீங்க. சின்னதா ஒரு பர்ஸ் போதும்லா."

"ஏட்டி, நீயும் அப்படி நினைக்கியா?"

"நான் நினைக்கலம்மா. எதுக்கு வீணா? நான் இங்க இருக்கணும்லா."

பெற்ற மகள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்காரர்கள், அதுதான் எப்சி அப்பா, ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, "சும்மா கிடயேன் சுகிர்தம். ஒரு ஸ்பூனுக்குப் போயி" என்றார்கள். ஒரு ஸ்பூனா அது? என் பேர் இல்லையா? ஊரில் ஒருத்தர் வீட்டு முருங்கைக்காயைக் கேட்காமல் பறித்தது கிடையாது.

அன்றையிலிருந்து லெமுவேல் அண்ணாச்சிக்காகத் தினமும் பேர் சொல்லி ஜெபித்தேன். சத்துருவுக்காக ஜெபிக்க வேண்டும் என்றுதானே சொல்லியிருக்கிறது. 'ஆண்டவரே, அவருக்கு நல்ல சுகத்தைக் கொடும். நீண்ட ஆயுசைக் கொடும். அந்த விரலில் மட்டும் ஒரு சின்ன நடுக்கத்தைக் கொடும். ஷோ நடக்கிற நேரம் மட்டும் போதும்' என்று கேட்டேன். அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஜெமிமா வந்து சர்பத் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாள். எனக்கு ஆண்டவரே ஆள் அனுப்பின மாதிரி இருந்தது. "எனக்கு நாலு வித்தை சொல்லித் தருவியா மக்கா? சுலபமா, சிரிப்பா" என்று கேட்டேன். "உங்களுக்கா அத்தை?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சொல்லிக்கொடுத்தாள்.

நீங்க கேட்டது இங்கேதான் வருகிறது, கவனிச்சுக்குங்க.

வாழைப்பழம் ஒன்று எடுத்துக்குங்க. நல்ல பழுத்தது, தோலில் கறுப்புப் புள்ளி இருக்கணும், அப்போதுதான் துளை தெரியாது. ஒரு நீள ஊசியைத் தோல் வழியாகக் குத்தி, உள்ளேயே இப்படியும் அப்படியும் ஆட்டணும். தோல் அறுபடக் கூடாது, பழம் மட்டும் அறுபடும். கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து. அப்படியே நெடுக. பார்க்க முழுப் பழம். பர்த்டே அன்றைக்கு உங்க மகனிடம் கொடுத்து, நீங்க தூர நின்று காற்றிலேயே கத்தியால் வெட்டுகிற மாதிரி கையை ஆட்டுங்க. தோலை உரித்தால் துண்டு துண்டாக விழும். பிள்ளைகள் புரண்டு சிரிப்பார்கள்.

இன்னொன்று தீக்குச்சி. கைக்குட்டையின் ஓர மடிப்புக்குள்ளே முன்கூட்டியே ஒரு குச்சியைச் செருகி வச்சுக்கணும். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வேறு ஒரு குச்சியைக் கைக்குட்டையில் வைத்துச் சுருட்டி, ஒருத்தரை ஒடிக்கச் சொல்லணும். அவர்கள் மடிப்புக்குள் இருக்கிற குச்சியைத்தான் ஒடிப்பார்கள், நாம்தானே பிடித்துக் கொடுக்கிறோம். படக்கென்று சத்தம் கேட்கும். உதறினால் முழுக்குச்சி விழும். "ரெண்டு இருக்குன்னு தெரியாம பார்த்துக்கிட்டா போதும் அத்தை. மறைஞ்சது ஒண்ணு, கிடைச்சது இன்னொண்ணு. எல்லா மேஜிக்கும் அதுதான்" என்றாள் ஜெமிமா. அன்றைக்கு இதை நான் வித்தையாகத்தான் கேட்டேன். அதற்கு மேலே யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

அடுத்தவர் சட்டைப்பையில் தெரியாமல் ஒன்றைப் போடுவதுதான் கஷ்டம். எங்கள் வீட்டுக்காரர்களிடம் பழகினேன். பாவம், சட்டைப்பையில் டீ ஸ்பூனைக் கண்டெடுத்து, "எனக்கு மறதி வந்துட்டா சுகிர்தம்?" என்று கேட்டார்கள். "வயசாகுதுல்லா" என்று சொல்லி வைத்தேன். ஆனால் அவர்கள் தூங்குமூஞ்சி. விழிப்பாய் இருக்கிற ஆளிடம், அதுவும் இந்த வித்தை தெரிந்த ஆளிடம், எப்படிப் போடுவது?

அதற்கு வழி எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்று ஆரம்பித்தேன். நடுவில் இருமல் வந்து கண்ணைத் திறந்தேன். அறை முழுக்க அத்தனை பேரும் கண்ணை இறுக மூடியிருக்கிறார்கள். செயலாளர் அம்மா முதற்கொண்டு. எத்தனை வருஷமாக ஜெபிக்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லை, நானும் மூடிக்கொண்டிருந்ததால். நான் ஆமென் சொல்லும் வரை இவர்கள் ஒருவரும் கண்ணைத் திறக்கப்போவதில்லை. எப்போது ஆமென் சொல்வது என்பது என் கையில் இருக்கிறது.

ஜெமிமாவுக்குக்கூட இது தெரியாது. சிரித்தால் பார்க்க மாட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கு லெமுவேல் அண்ணாச்சிக்கு எழுபதாவது பிறந்தநாள். வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், சாப்பாடு. அங்கேயிருந்துதான் வருகிறேன். வீட்டுக்காரர்களுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் வேண்டுமென்றே இந்தப் பெரிய பையைத்தான் எடுத்துப் போனேன். எப்சி வாசலிலேயே பார்த்தாள். பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

ஹாலில் மேஜை போட்டு, கேக் வைத்து, பக்கத்தில் கொழும்பு ஸ்பூன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள் ரூபி. ஒரு பள்ளம் காலி. பல் போன வாய் மாதிரி. வருகிற போகிற எல்லார் கண்ணிலும் படட்டும் என்றே திறந்து வைத்தாளோ என்னவோ. அண்ணாச்சி அதே கறுப்புக் கோட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஐயர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "நம்ம சுகிர்தம் அம்மா ஜெபிக்கட்டும்" என்றார். நான் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்தது. அப்படியானால் ஆண்டவருக்கும் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். இடது கையை அவர் தலையில் வைத்தேன். வலது கை மேஜைப் பக்கம். கண்ணைத் திறந்துகொண்டேதான் ஆரம்பித்தேன்.

"அன்புள்ள ஆண்டவரே, உமது அடியாரை எழுபது வருஷம் கண்மணி போலக் காத்து வந்தீரே..."

பெட்டியிலிருந்து ஒரு ஸ்பூன்.

"இவர் கையிட்டுச் செய்கிற எல்லாவற்றையும் நீர் பார்த்துக்கொண்டிருக்கிறீரே..."

கோட்டின் பக்கப்பைக்குள் மெதுவாக. பிடி உள்ளே போகிற மாதிரி, சத்தம் வராமல்.

"மறைவானது ஒன்றும் வெளியே வராமல் போகாதபடி செய்வீரே..."

அதோடு ஆமென் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு நிறைந்து, அவர் பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் ஜெபித்துத்தான் முடித்தேன். ரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன உருக்கமான ஜெபம்" என்றாள்.

கேக் வெட்டியாயிற்று. அண்ணாச்சி எழுந்தார். முட்டை, பூ, கைக்குட்டை எல்லாம் ஆயிற்று. அப்புறம் நான் எதிர்பார்த்த மாதிரியே, "நம்ம ஸ்பூன் சம்பந்தி எங்கே? வாங்க, வாங்க. பையோட வாங்க!" என்றார். சிரிப்பு.

எழுந்து போனேன். "அண்ணாச்சி, இன்னைக்கு நான் ஒண்ணு செய்யட்டுமா?" என்றேன்.

"நீங்களா? எம்மாடி! எல்லாரும் உங்க உங்க நகையைப் பிடிச்சுக்கிடுங்க!"

இன்னும் சிரிப்பு. நல்லா சிரிக்கட்டும், எனக்கு அதுதான் வேண்டும். பையிலிருந்து பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காற்றில் வெட்டினேன். அவர் கிண்டல் பண்ணிக்கொண்டே தோலை உரித்தார். துண்டு துண்டாக அவர் கோட்டு மேலேயும் பூட்ஸ் மேலேயும் விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. அவர் மூஞ்சி ஒரு நிமிஷம் தோற்ற மூஞ்சியாக ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எவ்வளவு வாழைப்பழம் அறுத்திருப்பேன்! எங்கள் வீட்டுக்காரர்களுக்கு வாழைப்பழம் என்றாலே இப்போது வெறுப்பு.

"அண்ணாச்சி, போன தடவை உங்க ஸ்பூன் என் பையில இருந்துச்சு. இன்னைக்கு எங்க இருக்குன்னு பார்ப்போமா? சம்பந்தியம்மா, பெட்டியைப் பாருங்க" என்றேன். ரூபி பார்த்து, "ஐயோ, ரெண்டு பள்ளம் காலியா இருக்கு!" என்றாள். "அண்ணாச்சி, கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க. கழட்டித் தலைகீழாப் பிடிச்சு உதறுங்க."

"கோட்டையா?"

"ஏன், நான் பையைத் தரலையா?"

பிள்ளைகள் "உதறுங்க, உதறுங்க" என்று கத்தின. கழற்றினார். உதறினார். நான் போட்ட ஸ்பூன் பளபளவென்று வந்து தரையில் விழுந்தது. கைதட்டல். நான் வாயைத் திறந்தேன், பேசி வைத்திருந்த பேச்சைப் பேசுவதற்கு. 'கோட்டுல இருந்து வந்ததனால அண்ணாச்சி திருடர் ஆயிட்டாங்களா? அப்ப பையில இருந்து வந்ததனால நான் எப்படி ஆவேன்?' இதுதான் பேச்சு. மாதக்கணக்காக மனப்பாடம் பண்ணினது.

பேச விடவில்லை. பிள்ளைகளின் கூத்தில் அவர் இன்னொரு தடவை பலமாக உதறினார். கோட்டின் உள்துணி எங்கேயோ கிழிந்திருந்தது போல. அடியிலிருந்து இன்னொரு ஸ்பூன் விழுந்தது.

நான் வைத்தது ஒன்று, தங்கச்சி. விழுந்தது ரெண்டு.

குனிந்து பார்த்தேன். அதே யானை. ஆனால் கறுத்துப்போய் இருந்தது, தொடாமல் கிடந்த வெள்ளி கறுக்குமே அப்படி. அப்போதுதான் ஜெமிமா சொன்னது முழுசாக எனக்கு விளங்கிற்று. மறைஞ்சது ஒண்ணு, கிடைச்சது இன்னொண்ணு. கல்யாணத்தன்று என் பையில் கிடைத்தது ஒரு ஸ்பூன். மேடையில் மறைந்த ஸ்பூன் அவர் கோட்டு உள்துணிக்குள் இறங்கி, கல்யாணத்திலிருந்து இன்றைக்கு வரை அங்கேயே கிடந்திருக்கிறது. அது கிடந்த காலம் முழுக்க நான் திருடி.

"இது நான் வைக்கலை!" என்று கத்தினேன். "சத்தியமா இது நான் வச்சது இல்லை! கறுத்திருக்கு பாருங்க!"

சிரித்தார்கள் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. பழத்துக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. நான் அதையும் வித்தைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தராவது அந்தக் கறுப்பைப் பார்க்கவில்லை.

அவர் ஒருத்தர் பார்த்தார். குனிந்து எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் கறுப்பு ஒட்டிற்று. அதைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார். முதலில் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அது ஆண்டவருக்கு வெளிச்சம். அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "இது எங்க இருந்து வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

ஒரு வார்த்தை போதும். 'இது அன்னைக்கு எங்கிட்டயே தங்கிட்டுப்பா' என்று சொன்னால் அவர் தலையா போய்விடும்?

அவர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். ஸ்பூனை உயரத் தூக்கினார். "மேஜிக்காரங்க ரகசியத்தைச் சொல்லக்கூடாது சம்பந்தியம்மா!" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை.

ரூபி ரெண்டு ஸ்பூனையும் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டி நிறைந்துவிட்டது. வந்து என் தோளில் கை வைத்து, "நாங்க ஒண்ணும் நினைக்கல சம்பந்தியம்மா. எப்படியோ வந்துட்டுல்லா, அது போதும்" என்றாள். அப்படியா என்றவள், இப்போது அது போதும் என்கிறாள்.

அடுப்படியில் எப்சி என்னை ஓரமாக இழுத்துப்போனாள். கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷர் எனக்குப் பண்ணினதற்காகக் கலங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நல்லவேளை, குடுத்துட்டீங்கம்மா. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே யாருக்கும் தெரியாம வச்சிருப்பேன்லா. இப்படி எல்லார் முன்னாலயுமா?"

"ஏட்டி, நான் எடுக்கலைட்டி."

"சரிம்மா. எடுக்கல. விடுங்க."

என் குழந்தை என்னை மன்னித்துவிட்டாள் தங்கச்சி. செய்யாத ஒன்றுக்கு.

கிளம்புகிற நேரம். ஐயர் ஆசீர்வாதம் சொல்ல எல்லாரும் எழுந்து நின்றோம். கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. பெட்டி மேஜையில் திறந்தபடி இருந்தது. அண்ணாச்சியின் கோட்டு பக்கத்து நாற்காலியில் தொங்கியது. ஒரு ஸ்பூனை எடுத்து அந்தக் கிழிசலுக்குள் விட்டால் போதும். நாளைக்கு எண்ணுவார்கள், குறையும். இப்போது எல்லாரும் அது எங்கே இருக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறார்களே, நேரே கோட்டைத்தான் தேடுவார்கள். நான் அங்கே இருக்க மாட்டேன். யார் என்னைச் சொல்ல முடியும்? இது பழி இல்லை. ஸ்பூனை அது தங்கியிருந்த இடத்தில் மறுபடியும் வைக்கிறது, அவ்வளவுதான்.

கையை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் லெமுவேல் அண்ணாச்சி நின்றார். அவரும் கண்ணை மூடவில்லை.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேலே என் பை. அவருடைய ஒரு கை முன்னால் இருந்தது. இன்னொரு கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். ஐயர் ஆமென் என்றார். நாங்கள் ரெண்டு பேரும்தான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னோம்.

பெட்டியைப் பார்ப்பதற்குள் ரூபி வந்து மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எப்சி கேக்கை டிபன் பாக்ஸில் போட்டுக் கையில் கொடுத்தாள். அதைக்கூடப் பையில் வைக்காமல் இதோ மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கினபோது பைக்குள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். குடைக்கம்பியாக இருக்கலாம். சாவியாக இருக்கலாம். நான் ஏறினதிலிருந்து பையைத் திறக்கவில்லை, நீங்களே பார்த்தீங்க. அந்த மிட்டாய்கூட முந்தானை முடிச்சிலிருந்துதான் எடுத்தேன். டிக்கெட் காசு கையிலேயே இருந்தது. இதையெல்லாம் நீங்க ஞாபகம் வச்சுக்கணும்.

உள்ளே இருந்தால் அது அவர் வைத்தது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வைக்க நினைத்தார் அல்லவா? அடுத்த மாதம் எங்கள் கோயில் அசனம். சம்பந்தி வீட்டார் எல்லாரும் வருவார்கள். ஐயாயிரம் பேருக்குச் சோறு பொங்குகிற இடத்தில் ஜெபிக்கப் போவது யார் என்று நினைக்கிறீங்க? பெரிய ஜெபமாக இருக்கும். நிதானமாகப் பண்ணுவேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, ஆண்டவர் சாட்சி.

இதோ, மறுபடியும் அடிக்கிறது. எப்சிதான். பெட்டியை எண்ணிவிட்டார்கள் போல. எடுக்காவிட்டால் அதுவும் தப்பாகிவிடும்.

தங்கச்சி, ஒரே ஒரு உதவி. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்க இந்தப் பையைத் திறந்து, போனை மட்டும் எடுத்துக் கொடுங்க.